மாமனாரின் ஹெரால்டும் பெரம்பூர் மினியேச்சர் பட்டறையும்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், இரண்டாம் மாடியில் தந்தையும் மகளுமாக நடத்தும் மினியேச்சர் பட்டறை ஒன்றில், என் மாமனார் முன்பு வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் மாதிரியை 1:18 அளவில் செய்து வாங்கியிருக்கிறோம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவதே போதும் என்று அவர்கள் இருப்பதால், பட்டறையின் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எனினும் இத்தகைய வேலையைச் செய்துகொடுப்பவர்கள் வேறு சிலரும் இருப்பதால், என்ன கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கிறோம், எந்த இடத்தில் ஏமாற்றம் வரக்கூடும் என்பதை விரிவாக எழுதினால் பிறருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் மாதிரியே கிடைக்காத ஒரு காரை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பட்டறை கேட்கும் தொகை நியாயமானது, வேலையும் சுத்தமானது. ஆனால் சொன்ன நாளில் பொருள் கைக்கு வரும் என்று நம்பி எந்த விசேஷத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஹெரால்டுக்கு ஏன் கடையில் மாதிரி கிடைப்பதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட அந்தக் காரை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளரான ஜோவான்னி மிக்கெலாட்டி. அதை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் நம் ஊரிலேயே 948 சி.சி. எஞ்சினுடன் தயாரித்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு ஓடிய அந்த வண்டிக்கு, பின் இருக்கையில் ஏறுவோர் படும் பாட்டைப் பார்த்து மேலும் இரண்டு கதவுகளை வைத்து, 1968-இல் மார்க் 3 என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே வெளியிட்டவர்கள் நம்மூர்க்காரர்கள்தாம். வெளிநாட்டில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1:32 அளவில் ஒட்டிச் சேர்க்கும் பெட்டியாகவும், வான்கார்ட்ஸ் 1:43 அளவில் உலோக வார்ப்பாகவும் ஹெரால்டை விற்றிருக்கின்றன. இரண்டும் இங்கிலாந்தின் இரண்டு கதவு வண்டிகள். அவற்றில் ஒன்றை வாங்கிப் பச்சை வண்ணம் அடித்து மாமாவிடம் நீட்டியிருந்தால், பின்கதவு எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

மாமா துறைமுகத்தில் கிளியரிங் தொழில், அதாவது சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் தொழில் செய்தவர். தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து மண்ணடிக்கும் துறைமுக வாயிலுக்கும் அந்த மார்க் 3-ஐத்தான் 1974 முதல் 1988 வரை ஓட்டினார். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் வண்டி. லாரிகளும் கைவண்டிகளும் அடைத்துக்கொண்டு நிற்கும் மண்ணடித் தெருக்களில் அம்பாசிடர்காரர்கள் பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திணறும்போது, தாம் ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு போனதை அவர் இன்றைக்கும் சொல்லுவார். அவருடைய சதாபிஷேகத்தை ஒட்டிப் பிள்ளைகளும் மருமக்களும் சேர்ந்து செய்யக்கூடியதாக ஏதேனும் வேண்டும் என்று பேசியபோதுதான் இந்த யோசனை வந்தது.

பட்டறைப் பெரியவர் இரயில்பெட்டித் தொழிற்சாலையில், அதாவது ஐ.சி.எஃப்.பில், ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பரிமாண வரைபடமும் அச்சும் மகளின் பொறுப்பு. வண்ணம், பித்தளை வேலை, உள் அலங்காரம் ஆகியவை தந்தையின் பொறுப்பு. முன்னறையில் இரண்டு மேசை, ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கை ஒளியால் இறுக்கி உருவம் எடுக்கும் ஒரு அச்சு இயந்திரம், அதை மூடியிருக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் கூண்டு. பின்னால் பால்கனியை அடைத்துச் செய்த ஸ்ப்ரே அறை. அங்கே கம்ப்ரசர் ஓடும்போது பேச முடியாது. லிஃப்ட் இல்லை. மாடிப்படி செங்குத்தானது, முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வதற்கு முன் இதை யோசித்துக்கொள்வது நல்லது. எங்களுக்காகப் பெரியவரே தண்டையார்பேட்டைக்கு வந்து மாமாவிடம் பேசினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இந்தப் பட்டறையின் உண்மையான திறமை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஹெரால்டு என்ற காரின் மாதிரியைச் செய்வதற்குப் பழைய வரைபடங்கள் போதும். ஒருவர் பதினான்கு வருடம் ஓட்டிய ஒரு குறிப்பிட்ட ஹெரால்டைச் செய்வதற்கு அவரிடம் கேட்டால்தான் முடியும். பெரியவரின் முதல் கேள்வியே எங்களைத் திகைக்க வைத்தது: “ஐயா, எந்த வருஷத்து வண்டி வேணும்?” பதினான்கு வருடத்தில் அந்த வண்டி ஒரே மாதிரியாக இருந்ததில்லை. வாங்கும்போது வெளிர் சாம்பல் நிறம். 1977 வாக்கில் பாட்டில் பச்சையில் டூக்கோ பெயின்ட் அடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் கூரைமேல் கேரியர் ஏறியது. 1980-களில் முன் இருக்கைகளின் ரெக்சின் மாறியது. விற்கும் காலத்தில் ஒரு பக்க வீல் கப்கள் இரண்டும் இல்லை. என் மனைவிக்கு நினைவிலிருப்பது கேரியர் வைத்த வண்டி, ஏனென்றால் அதில் பாய் தலையணை எல்லாம் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய மைத்துனருக்கோ சாம்பல் நிறம்தான் ஹெரால்டு. ஆளுக்கொரு வண்டியைச் சொன்னார்கள். பெரியவர் யாருக்கும் பதில் சொல்லாமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா 1979 என்றார். அதாவது பச்சை நிறம், கேரியர் கிடையாது, பழைய ரெக்சின், நான்கு வீல் கப்களும் உண்டு. அந்த ஆண்டைக் குறித்துக்கொண்ட பிறகு எழுந்த ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அதுவே அளவுகோலாக இருந்தது.

இப்படிக் கேட்டு வேலை செய்யும் முறைக்கு ஒரு விலையும் உண்டு. சொல்லாமல் செய்து திடீரென்று கையில் கொடுத்து வியக்க வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டறை சரிப்படாது. வண்டியை ஓட்டியவரிடம் நேரே பேசாமல் வேலையை எடுப்பதில்லை என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஓட்டியவர் காலமாகியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து போனவரிடம் பேசுவார்களாம்.

அளவெடுத்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெரால்டின் நீளம் 153 அங்குலம். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 91.5 அங்குலம். பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் ஏறத்தாழ 21.6 சென்டிமீட்டர், சக்கர இடைவெளி 12.9 சென்டிமீட்டர். முன்பகுதி, கூரை, வால் ஆகியவற்றுக்கு ட்ரையம்ஃபின் வரைபடங்களே உதவின. நான்கு கதவு அமைப்புக்கு அப்படி எதுவும் கையில் இல்லாததால், எங்கள் வீட்டுப் புகைப்படம் ஒன்றில் வண்டி பக்கவாட்டில் நிற்பதை எடுத்து, அந்த 91.5 அங்குலத்தையே ஸ்கேலாக வைத்து, கதவுகளின் அகலத்தையும் நடுத் தூணின் இடத்தையும் மகள் கணக்கிட்டார். பிறகு நகரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மார்க் 3-இன் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, டேப்பை வைத்து அளந்து சரிபார்த்துக்கொண்டார்கள். புகைப்படக் கணக்குக்கும் டேப்புக்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவாகவே இருந்தது என்று காட்டினார். எனக்குக் கணக்கைவிட, சரிபார்க்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம்தான் பிடித்தது.

நிறத்தில் அவர்கள் காட்டிய கவனம் இன்னும் அதிகம். 1970-களின் வண்ணப் புகைப்படங்களை நம்ப முடியாது. ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் அவற்றின் நீலச்சாயம் மங்கிப் படம் முழுதும் சிவப்பேறிவிடும். எங்கள் படங்களில் பாட்டில் பச்சை ஏறக்குறைய காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. அந்தப் பெயின்ட் ஒட்டிய பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று பெரியவர் கேட்டார். அந்த வண்டி கேட்டுக்குள் நுழையும்போது இடப்பக்கம் உரசும் ஒரு காவல் கல் இன்னும் வாசலில் இருக்கிறது. சுவருக்கு எத்தனையோ முறை சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்தும் அந்தக் கல்லை யாரும் தொடவில்லை. அதன் இடுக்கில் நகக்கண் அளவுக்கு இரண்டு மூன்று பச்சைப் பொட்டுகள் இருந்தன. ஈரத்துணியால் துடைத்து, மொபைல் விளக்கை அணைத்துவிட்டு, வெயிலில் வைத்து, தாம் கொண்டுவந்த நிற அட்டைகளோடு பெரியவர் ஒப்பிட்டார். கல்லில் இருந்ததை அப்படியே அடிக்கவும் இல்லை. சிறிய பரப்பில் அடர்நிறம் மேலும் கறுத்துத் தெரியும் என்பதால், மாதிரி வண்டிகளுக்குக் கொஞ்சம் வெள்ளை கலந்து இளக்கித்தான் அடிக்க வேண்டும். ஐஸ்கிரீம் கடைப் பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் ஒன்றுக்கொன்று சற்றே வெளிறிய பச்சைகளை அடித்து, ஒவ்வொன்றின் காம்பிலும் பென்சிலால் விகிதத்தை எழுதி மாமாவிடம் கொடுத்தனுப்பினார்கள். டியூப்லைட்டில் ஒன்றும் வெயிலில் இன்னொன்றும் சரியாகத் தெரிந்தன. பொருள் வீட்டுக்குள் இருக்கப் போவது என்பதால் டியூப்லைட்டில் சரியாக இருந்ததை மாமா தேர்ந்தெடுத்தார்.

பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழலோடு, ‘வடிவுடையம்மன் துணை’ என்று எழுதியிருந்தது. திருவொற்றியூர்க் கோயிலுக்கு வெள்ளிதோறும் போய்வந்த குடும்பம். அந்த எழுத்து இல்லாவிட்டால் அது அவர்களுடைய வண்டியே ஆகாது. பட்டறை முதலில் இதைக் கணினி எழுத்துருவில் அச்சடித்து, நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கராகக் கொண்டுவந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “ணை இப்படி இருக்காதே” என்றார். அவர் சொன்னது சரி. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978-இல். அந்தக் கண்ணாடியில் எழுதியது அதற்கு முன்பு, அதிலும் போர்டு எழுதும் கலைஞர் ஒருவர் கைப்பட எழுதியது. ஆகவே ‘துணை’யில் வரும் ணை, துதிக்கையைத் தூக்கிய பழைய வடிவத்தில்தான் இருந்திருக்க வேண்டும். சாதாரண எழுத்துருவில் அந்த வடிவம் கிடையாது. மகள் மறுப்பேதும் சொல்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ராயபுரத்தில் இன்னும் தூரிகை பிடிக்கும் ஒரு போர்டு ஓவியரிடம் முழு வரியையும் பெரிய தாளில் எழுதி வாங்கி, அதைச் சுருக்கி மறுபடியும் அச்சடித்தார்கள். இப்போது அந்த எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தூரிகையைத் தூக்கிய இடத்தில் எழுத்தின் நுனி மெலிவதும் அதில் தெரிகிறது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக இருந்த அந்தக் காலத்துத் தனியார் வண்டி நம்பர் பிளேட்டை, யாரும் சொல்லாமலேயே சரியாகச் செய்திருந்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி கட்டுமானம். ஹெரால்டு தனிச் சட்டத்தின்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய கார். ட்ரையம்ஃபுக்கு உடல் தகடுகளை அழுத்திக் கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், ஒரே கூடாகச் செய்யும் வசதி கைவிட்டுப் போய், பழைய முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அதுவே பிறகு உதிரிகளாக அனுப்பி வேறு நாடுகளில் பூட்டுவதற்கும் வசதியாயிற்று. பட்டறையும் உடலை ஒரே துண்டாக அச்சிடாமல், முன்மூடி, நடுக்கூடு, பின்பகுதி என்று பிரித்தே ரெசினில் எடுத்திருக்கிறது. அடியில் பித்தளைப் பட்டைகளைச் சால்டர் செய்து ஒரு சட்டம். அதன்மேல் மூன்று துண்டுகளும் சிறு திருகாணிகளால் உட்காருகின்றன. இதனால் இரண்டு நன்மை. ரெசின் நாளடைவில் தன் எடையாலேயே சற்றுத் தொய்யக்கூடிய பொருள். பித்தளை அதைத் தாங்கிக்கொள்கிறது. அடுத்து, துண்டுகளுக்கு இடையிலான கோடு செதுக்கிய கோடாக இல்லாமல் உண்மையான இடைவெளியாக இருக்கிறது. அசல் வண்டியில் நான்கு மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி இங்கே கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக வர வேண்டும். பெயின்டைக் கொஞ்சம் தடிப்பாக அடித்துவிட்டால் அந்த இடைவெளியே அடைபட்டுப்போகும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பு என்பது அசல் வண்டியில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் பட்டி பூசியதற்குச் சமம். இந்த வண்டியில் எங்கும் அடைப்பு இல்லை. கதவின் அடிவிளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்ட வரி ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

ஹெரால்டின் தனிச்சிறப்பான பானெட் திறக்கிறது. மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்த முழு முன்பகுதியும் மூக்கின் பக்கம் கீல் வைத்து முன்னோக்கிச் சாயும் அமைப்பு அது. மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மாதிரியில் இரு பக்கக் கொக்கிகளையும் பற்குச்சியால் தள்ளிவிட்டால் பானெட் அதே போலச் சாய்கிறது. உள்ளே எஞ்சின், ஏர் கிளீனர், பேட்டரி, பேட்டரி வயர்கள். எல்லாம் தனித்தனித் துண்டுகள். ரேடியேட்டர் பைப்பைக் கறுப்பு ரப்பரில் போட்டிருக்கிறார்கள். பின்சக்கரங்களையும் கவனிக்க வேண்டும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்புடையவை என்பதால், பின்னால் பாரம் இல்லாதபோது சக்கரத்தின் அடிப்பகுதி சற்று உள்ளடங்கி நிற்கும். ஆள் ஏறிய வண்டி வேண்டுமா, காலி வண்டி வேண்டுமா என்று பெரியவர் கேட்டபோது எங்களில் யாருக்கும் கேள்வியே புரியவில்லை. மாமாவுக்கு மட்டும் புரிந்தது. காலி வண்டி என்றார். அந்த மெல்லிய சாய்வு இருப்பதால்தான், மேசைமேல் தூரத்திலிருந்து பார்க்கும்போதும் அது ஹெரால்டாக நிற்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை கண்ணாடி. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வளைவானவை. தெளிந்த பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் காற்றுறிஞ்சி இழுத்துச் செய்கிறார்கள். முன்கண்ணாடி நன்றாக அமைந்துவிட்டது. பக்கங்களுக்கும் சுற்றி வளையும் பின்கண்ணாடியில் இரு மூலைகளிலும் அலையடித்தது போன்ற நெளிவு தெரிகிறது. அம்மன் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரு கோணத்தில் பார்த்தால் வளைகின்றன. மாற்றித் தரச் சொன்னதற்கு, கூரையைப் பிரிக்காமல் அதைக் கழற்ற முடியாது, பிரித்தால் பெயின்ட் வெடிக்கும் என்றார்கள். காரணம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒட்டுவதற்கு முன்னரே பார்த்திருக்க வேண்டிய குறை இது. இரண்டாவது, இருக்கை ரெக்சினின் பளபளப்பு. அந்தக் காலத்து ரெக்சின் புதிதாக இருந்தபோதுகூட இவ்வளவு மின்னியிருக்காது; இதற்கு மட்டும் மேட் கோட்டிங் அடித்திருக்கலாம். குரோம் வேலையில் பம்பரும் ஹெட்லைட் வளையங்களும் குறையில்லை. பக்கவாட்டில் ஓடும் அலங்காரப் பட்டையான பீடிங்குக்கு மெல்லிய உலோகத்தாளை ஒட்டியிருக்கிறார்கள், அதன் ஒரு முனை கதவருகே லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பெரிய குறை காலதாமதம். சித்திரைக்குள் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய பொருள் ஆவணியில்தான் வந்தது. ஆனியில் நடந்த சதாபிஷேகத்துக்குப் பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறக் கூட்டை வைத்துக் காட்டியதோடு சரி. கேட்டால் மழையைச் சொல்கிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது லேக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து மேற்பரப்பு பால் படர்ந்தது போல வெளுத்துவிடும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஏசி இல்லாத பால்கனி அறையில், ஐப்பசி கார்த்திகையில் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது சரிதான். ஆனால் மாசியிலும் பங்குனியிலும் என்ன மழை? கையில் எடுத்த வேலைகள் அதிகம், செய்பவர்கள் இருவர் என்பதே உண்மையான காரணம். நான் போன சமயங்களில் எல்லாம் மேசைமேல் வேறொருவரின் இரயில்பெட்டி மாதிரிதான் விரிந்து கிடந்தது. பகலில் போன் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் இரவில் பதில் வரும், அதுவும் படத்தோடு வரும் என்பதால் கோபம் பாதி தணிந்துவிடும்.

விலை முப்பத்து நான்காயிரம் ரூபாய். பாதி முன்பணம், கால் பங்கு பெயின்டுக்கு முன், மீதி பொருள் கையில் வரும்போது. அக்ரிலிக் கூண்டுக்குத் தனியாக இரண்டாயிரத்து எண்ணூறு. கைப்பட எழுதிய ரசீதுதான் கிடைக்கும். பானெட் திறக்க வேண்டாம், உள்ளே எஞ்சின் வேண்டாம் என்றால் பத்தாயிரம் வரை குறையும் என்றார்கள். ஹெரால்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், மற்ற கார்களுக்கு யோசிக்கலாம். 1:24 அளவில் கேட்டால் நீளம் 16 சென்டிமீட்டருக்கு வந்துவிடும், விலையும் கணிசமாகக் குறையும். ஆனால் நம்பர் பிளேட், கண்ணாடி எழுத்து போன்றவை அந்த அளவில் வாசிக்கக் கஷ்டம்.

அம்பாசிடர், மாருதி 800 போன்ற வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. செண்டி டாய்ஸ் செய்யும் பிளாஸ்டிக் வண்டிகள் பொம்மைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. உருவ ஒழுங்கு மோசமில்லை. அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், இதே பட்டறை பிரித்து, உங்கள் வண்டியின் நிறத்தில் பெயின்ட் அடித்து, நம்பர் பிளேட் மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டி நாலாயிரத்துக்குள் தந்துவிடுகிறது. அம்பாசிடர் வேண்டும் என்று முழுத் தொகையோடு வந்த ஒருவரை, என் கண் முன்னாலேயே, பொம்மை வாங்கி வாருங்கள் என்று திருப்பியனுப்பினார் பெரியவர். வியாபாரம் தெரியாதவர் என்று சொல்லலாம். எனக்கு அந்த இடத்தில்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

பட்டறையின் முடிவு ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இருந்தது. பிறகு மாமாவால் அதுவும் போயிற்று. 1978 இறுதியில் பேசின் பிரிட்ஜ் அருகே ஒரு மாட்டு வண்டியின் அச்சாணி இடித்து இடது பின் மட்கார்டில் ஒரு குழி விழுந்திருந்தது. விற்கும்வரை அதை டிங்கரிங் செய்யவே இல்லை. 1979-ஆம் ஆண்டு வண்டி என்றால் அந்தக் குழி இருந்தாக வேண்டும் என்று நான் வாதிட்டேன். பெரியவரும் முதலில் சரியென்றார். மாமா ஒப்பவில்லை. “முப்பத்து நாலாயிரம் கொடுத்து எவனாவது அடிபட்ட வண்டி வாங்குவானா மாப்பிள்ளை?” என்றார். குழி இல்லாமலேயே செய்தார்கள். ஓட்டியவர் சொல்வதற்கும் புகைப்படம் காட்டுவதற்கும் முரண்பாடு வந்தால் ஓட்டியவர் பக்கம் நிற்பது அவர்கள் வழக்கம் என்று பின்னர் மகள் சொன்னார். மாதிரி நம் வீட்டுக்குத்தான் வருகிறது என்பதால் அது சரியான வழக்கம்தான் என்று இப்போது எனக்கும் படுகிறது.

வாங்கிய பிறகு பராமரிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வகை ரெசின் ஐம்பது அறுபது டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். எடுத்துக்கொண்டு போகும் வழியில் வண்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். புற ஊதாக் கதிரால் இறுக்கிய பொருள் என்பதால் நேர் வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது. நாளாக ஆக மஞ்சளித்து உடையக்கூடியதாகிவிடும். எண்ணூர், காசிமேடு போன்று உப்புக்காற்று நேரே அடிக்கும் இடங்களில் கூண்டு இல்லாமல் வைத்தால் பித்தளைப் பகுதிகள் பச்சை பூக்கும். எனவே கூண்டுக்கான தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பொருளைக் கொடுத்த அன்று மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே குறை, ஓட்டுநர் பக்க மட்கார்டின்மேல் இருந்த வட்டமான சின்னக் கண்ணாடியைக் காணோம் என்பது. எங்கள் எந்தப் புகைப்படத்திலும் அது இல்லை. பேச்சிலும் அவர் சொல்லியிருக்கவில்லை. பெரியவர் அதே வாரத்தில் பித்தளையில் கடைந்து, குரோம் ஏற்றி, தண்டையார்பேட்டைக்கே வந்து பொருத்திக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பீடிங்கின் தூக்கிய முனையை மட்டும் அன்றைக்கு ஒட்ட முடியவில்லை, அதற்கான பசை பட்டறையிலேயே இருந்துவிட்டது. தை பிறக்கும் வரை புதிய வேலை எதையும் எடுப்பதில்லை என்று இப்போது சொல்கிறார்கள். செய்யச் சொல்ல விரும்புபவர்கள் பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். பக்கவாட்டில் வண்டி முழுதாகத் தெரியும் ஒரு புகைப்படம், ஆர்.சி. புத்தகத்தின் நகல், அந்த வண்டியை ஓட்டியவரின் போன் நம்பர் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டு போகவும்.